மதுரைச் சுல்தான்களின் செப்புக் காசுகள்

பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் கருவூலத்தில் உறங்கும். செம்போ குடிமக்களின் மடியில் திரியும். அரசன் புலவனுக்குப் பரிசளித்தது பொற்காசு. பெருவணிகன் குதிரைக்கும் முத்துக்கும் விலையாக எண்ணிக் கொடுத்ததும் பொற்காசே. ஆனால் உப்புக்கும் எண்ணெய்க்கும் வெற்றிலைக்கும் மாற்றாகக் கை மாறியது செப்புக் காசு. நாள்தோறும் எத்தனையோ கைகள் தொட்டுத் தேய்த்த அந்தச் சிறு காசை அரசவைப் புலவர் எவரும் பாடவில்லை. ஆயினும் தமிழ்நாட்டு வரலாற்றில் ஏறத்தாழ 45 ஆண்டுகளைக் கொண்ட ஒரு காலப் பகுதியின் ஆண்டுக் கணக்கை நமக்குத் தாங்கி வந்து சேர்த்திருப்பது பெரும்பாலும் அந்தச் செப்புக் காசுதான். அதுவே பதினான்காம் நூற்றாண்டில் மதுரையில் நிலவிய சுல்தான்களின் ஆட்சிக் காலம். அக்காசுகள் கூறும் செய்தியையும், பிற சான்றுகளுக்கு முன் அவை எத்துணை உறுதியாக நிற்கின்றன என்பதையும் இங்கே காண்போம்.

மேற்கு மலைச் சரிவில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழன்பர்களுக்கு மதுரையின் செய்தி தொலைவானதன்று. போனக்காட்டிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் தெரியும் அகத்தியர் மலைக்கு அப்புறம் பாண்டிய நாடு. அம்மலையின் கீழைச் சாரலில் பிறந்து நெல்லைச் சீமையை வளப்படுத்தும் பொருநை ஆறு, தாமிரம் என்னும் செம்பின் பெயரையே தன் பெயரில் தாங்கித் தாமிரபரணி என்று வழங்குகிறது. மலையின் இப்புறமும் செப்புக் காசுக்கு நெடிய வரலாறு உண்டு. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கைப் பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டறிந்தவர்கள் இன்றும் உளர். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்த காலம் வரை வழங்கிய அந்த நாலு காசு, எட்டுக் காசு நாணயங்களில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்று பொறித்திருந்தார்கள். சில்லறை நாணயத்தைக் குறித்த அந்த ஆங்கிலச் சொல், நம் ‘காசு’ போர்ச்சுகீசியர் நாவில் ஏறி ஆங்கிலேயர் நாவில் இறங்கிய வடிவமே. நாள்தோறும் ஒரு மொழியின் ஆவணத்தை மற்றொரு மொழியில் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, நம் சொல்லொன்று கடல் கடந்து உருமாறி, நம் ஊர் நாணயத்துக்கே மீண்டு வந்து அமர்ந்த இந்தச் செய்தி எப்போதும் வியப்பளிப்பது.

இனி மதுரைக்குச் செல்வோம். 1310-ஆம் ஆண்டையொட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் மாண்டபின், அவன் மைந்தர்களாகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகப் போரிட்டனர். வீடு இரண்டுபட்ட வேளையில், 1311-இல், தில்லிப் படைத்தலைவன் மாலிக் காபூர் மதுரை மீது பாய்ந்து பெருஞ்செல்வத்தைக் கவர்ந்து மீண்டான். அப்படையெடுப்பால் தமிழகம் நிலைகுலைந்திருந்த நேரத்தில் கொல்லத்தைத் தலைநகராகக் கொண்டு வேணாட்டை ஆண்ட இரவிவர்மன் குலசேகரன் மலை கடந்து கிழக்கே வந்தான். பாண்டிய நாட்டைக் கடந்து காஞ்சி வரை சென்று, வேகவதி ஆற்றங்கரையில் முடிசூடிக்கொண்டான். காஞ்சி அருளாளப் பெருமாள் கோயிலிலும் திருவரங்கத்திலும் அவன் கல்வெட்டுகள் உள்ளன. இன்றைய கொல்லத்தையும் திருவனந்தபுரத்தையும் உள்ளடக்கிய நாட்டின் மன்னன் ஒருவன், சில ஆண்டுகளேனும் தமிழகத்தின் வடகோடி வரை ஆணை செலுத்தினான் என்பது இப்பகுதியில் வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. அவ்வெற்றி நீடிக்கவில்லை. வாரங்கல்லை ஆண்ட காகதீயர் படை காஞ்சி வரை வந்து அவனைப் பின்வாங்கச் செய்தது.

1323-இல் தில்லி இளவரசன் உலூக் கான் வாரங்கல்லை வென்றான். அதனைத் தொடர்ந்து மதுரையும் தில்லியின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்த இளவரசனே பின்னர் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லி அரியணை ஏறியவன். தமிழ்நாட்டுப் பகுதி ‘மாபர்’ என்ற பெயரில் தில்லிப் பேரரசின் மாகாணமாயிற்று. மாபர் என்ற அரபுச் சொல்லுக்குக் கடந்து செல்லும் துறை என்பது பொருள். அரபு வணிகர் நம் கிழக்குக் கடற்கரைக்கு நெடுங்காலத்துக்கு முன்பே வழங்கிய பெயர் அது. காயல் துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர் பல தலைமுறைகளாகத் தமிழ் மக்களோடு கலந்து வாழ்ந்தனர். பாண்டியர் அரசவையில் அமைச்சராகவும் அவர்களுள் ஒருவர் விளங்கினார். ஆகவே இஸ்லாமியர் தமிழ் மண்ணுக்கு வந்தது வேறு, மதுரையில் சுல்தான் ஆட்சி ஏற்பட்டது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மதுரைக் காசுகளைப் பார்க்குமுன், அதே ஆண்டுகளில் தில்லியில் செம்பு பட்ட பாட்டை நாம் அறிந்திருத்தல் நலம். 1330-ஆம் ஆண்டையொட்டி முகமது பின் துக்ளக் ஒரு புதுமை செய்தான். வெள்ளித் தங்காவுக்கு ஈடாகச் செம்பிலும் பித்தளையிலும் அடையாள நாணயம் அடித்து, வெள்ளியின் மதிப்பிலேயே அதனை ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டான். சீன நாட்டில் தாள் நாணயம் அரசனின் முத்திரை ஒன்றையே வலிமையாகக் கொண்டு வழங்கி வந்தது. 1294-இல் பாரசீகத்திலும் அதனைப் பின்பற்றிப் பார்த்துத் தோற்றிருந்தனர். துக்ளக்கின் திட்டமும் அதே வழியில் சென்றது. செம்பு எங்கும் கிடைத்தது. பொறித்த எழுத்தோ எந்தத் தட்டானும் எளிதில் பார்த்துச் செய்யத்தக்கதாக இருந்தது. வீட்டுக்கு வீடு அக்கசாலை முளைத்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் பரணீ மனம் நொந்து எழுதுகிறார். வரி செலுத்துவோர் செம்பைக் கொடுத்து வெள்ளியைப் பதுக்கினர்; அயல்நாட்டு வணிகரோ செம்பை வாங்க மறுத்தனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் மன்னன் தோல்வியை ஒப்புக்கொண்டு, கொண்டுவந்த செப்பு நாணயங்களுக்கெல்லாம் கருவூலத்திலிருந்து வெள்ளி கொடுத்தான். திரும்பி வந்த செம்பு துக்ளகாபாத்தில் மலைபோற் குவிந்து கிடந்தது.

அந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் எளியது. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. கொடுப்பவன் சொல்லை வாங்குபவன் நம்பினாலன்றிக் காசு காசாவதில்லை. பொன்னும் வெள்ளியும் தம் விலையைத் தாமே தாங்கி நிற்கும். செம்போ தன்னைவிடத் தன்மேல் உள்ள பெயரையும் அப்பெயரின் பின்னுள்ள ஆட்சியையும் நம்பி நடமாடுவது. ஆகவே ஓர் ஆட்சி எங்கே தொடங்கிற்று, எங்கே ஆட்டங்கண்டது, எங்கே முடிந்தது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது செப்புக் காசே.

மதுரையில் தில்லியின் சார்பாக ஆண்ட தலைவன் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா. மையத்தில் ஏற்பட்ட குழப்பங்களைக் கண்ட அவன் தன்னையே சுல்தானாக அறிவித்துக்கொண்டான். அக்கால முஸ்லிம் அரசர்களுக்கு முடியுரிமையின் அடையாளங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நிகழும் பேருரையில் தன் பெயர் சொல்லப்பெறுதல் ஒன்று. நாணயத்தில் தன் பெயர் பொறிக்கப்பெறுதல் மற்றொன்று. முன்னதன் ஓசை காற்றில் கரைந்துவிட்டது. பின்னதன் எழுத்து செம்பில் நிலைத்துவிட்டது. தில்லிச் சுல்தான் பெயரில் வழங்கிய காசுகள் ஹிஜ்ரி 734-ஆம் ஆண்டோடு நிற்க, 735 முதல் அஹ்ஸன் ஷாவின் பெயர் தோன்றுகிறது என்பது நாணய ஆய்வாளர் பலர் கண்ட முடிவு. ஹிஜ்ரி 735 என்பது நம் கணக்கில் 1334 செப்டம்பர் முதல் 1335 ஆகஸ்டு வரையுள்ள காலம். மதுரை தனியரசான ஆண்டை வரலாற்று நூல்கள் 1335 என்று குறிப்பதற்குக் காசின் சாட்சியம் ஒரு பெருந்துணை. அஹ்ஸன் ஷா தன் நாணயங்களில் தன்னை இறைவனின் துணையை நம்பியவன் என்றும், ஏழை எளியவர்களின் தந்தை என்றும், நபிகள் நாயகத்தின் வழிவந்தவன் என்றும் பட்டம் பொறித்துக்கொண்டான். புதிதாக முடி சூடியவனுக்குத் தன் தகுதியை எடுத்துக் கூற வேண்டிய தேவை இருந்தது. அதற்கு ஊர் ஊராகச் செல்லும் காசைவிடச் சிறந்த தூதன் எவன்?

அவனை ஒடுக்கத் துக்ளக் பெரும்படையுடன் தெற்கே புறப்பட்டான். வாரங்கல்லை அடைந்தபோது படையில் கொள்ளைநோய் புகுந்தது. வீரர் பலர் மடிந்தனர். மன்னனும் நோயுற்றுத் திரும்பினான். மதுரை தனியரசாகவே நின்றது.

அக்காசுகள் எத்தகையவை? கட்டைவிரல் நகத்தளவினவாய், சில கிராம் எடையினவாய் அமைந்த சிறு செப்பு வில்லைகள் அவை. செம்பில் சிறிது வெள்ளி கலந்தவையும் உண்டு. பொற்காசு மிக அரிது. காய்ச்சித் தட்டிய செப்பு வில்லையைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அறைவர். ஒரே அறையில் இருபுறமும் எழுத்து விழும். பெரும்பாலும் அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆதலால் ஒரு காசில் அரசன் பெயரின் தலை மட்டும் விழும். மற்றொன்றில் வால் மட்டும் விழும். ஆண்டைக் குறிக்கும் எழுத்தோ விளிம்புக்கு வெளியே போய்விடும். பத்துக் காசுகளை ஒருங்கே வைத்து ஒட்டிப் படித்தாலன்றி ஒரு முழுப் பெயர் தேறாது. ஒற்றைக் காசுக்கு ஊமை வாய். கூட்டமாகச் சேர்ந்தால்தான் பேச்சு.

இக்காசுகளில் உருவங்கள் இல்லை. அதற்கு முன் தமிழ் மக்களின் கையில் புழங்கிய சோழ பாண்டியக் காசுகளில் மீன் உண்டு, புலி உண்டு, நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் உண்டு. படிக்கத் தெரியாதவனும் மீனைப் பார்த்துப் பாண்டியன் காசு என்பான். மதுரைச் சுல்தான்களின் காசிலோ இருபுறமும் அரபு எழுத்து மட்டுமே. வைகைக் கரை உழவனுக்கும் நெசவாளிக்கும் அது புரியாத கோடுகளின் கூட்டம். ஆயினும் காசு வழங்கிற்று. எழுத்தைக் கண்ணால் படியாதவர்கள், எடையை உள்ளங்கையாலும் மாற்றை ஓசையாலும் படித்தனர். அரசனின் பட்டத்தையும் தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் சுல்தான் என்ற சொல் ‘சுரத்தான்’ என்று தமிழ் உருப் பெற்றிருக்கிறது. புரியாத எழுத்தும் புதிய ஆட்சியும் வந்தபோதும் சந்தை நின்றுவிடவில்லை. பிறமொழி எழுத்துகள் நிறைந்த ஊரில் பிழைப்பு நடத்துவது எவ்வாறு என்பது வெளிமாநிலத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதன்று.

காசுகளின் சாட்சியத்தோடு ஒப்பு நோக்க நமக்கு இரு பெருஞ்சான்றுகள் உள்ளன. ஒன்று, மொராக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதாவின் பயண நூல். மற்றொன்று, வடமொழிக் காவியமாகிய மதுராவிஜயம்.

இபுன் பதூதா வெறும் வழிப்போக்கர் அல்லர். அஹ்ஸன் ஷாவின் மகளைத் தில்லியில் மணந்தவர். இலங்கையிலிருந்து வந்த அவருடைய கப்பல் சோழமண்டலக் கரையில் உடைந்தது. கரையேறிய அவர், அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் பாசறைக்கு அழைத்துச் செல்லப்பெற்றார். கியாசுத்தீனும் அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளை மணந்தவனே. மாமனார் ஐந்து ஆண்டு ஆண்டு கொல்லப்பட்டதையும், அடுத்து வந்த அலாவுத்தீன் உதௌஜி போரில் வென்று, தண்ணீர் அருந்தத் தலைக்கவசத்தைக் கழற்றிய நொடியில் அம்பு பட்டு மாண்டதையும், அவன் மருமகன் குத்புத்தீன் நாற்பதே நாளில் கொலையுண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். கதைபோல் தோன்றும் இச்செய்திகளை நம்பலாமா என்று ஐயுற்றவர்களுக்குக் காசு விடை கூறிற்று. உதௌஜியின் பெயரிலும் குத்புத்தீன் பீரூஸின் பெயரிலும் காசுகள் கிடைத்தன. இரண்டிலும் ஹிஜ்ரி 740 என்ற ஆண்டு. அது 1339 சூலை முதல் 1340 சூன் வரையுள்ள காலம். நாற்பது நாள் மட்டுமே அரியணையில் இருந்தவனும் தன் பெயரில் காசு அடித்திருக்கிறான்! கோட்டைச் சுவரில் கல்வெட்டுப் பொறிக்க அவனுக்குக் காலம் இல்லை. காசுக்குப் புதிய அச்சு வெட்ட மட்டும் காலம் இருந்தது. அரசன் மாறிய செய்தி அங்காடிக்கு எவ்வளவு விரைந்து சென்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கியாசுத்தீனின் கொடுமைகளை அவனது விருந்தினரான இபுன் பதூதாவே அருவருப்போடு பதிவு செய்கிறார். கண்ணனூர்க் கொப்பத்துப் போரில் முதிய போசள வேந்தன் மூன்றாம் வல்லாளனைச் சிறைப்பிடித்துக் கொன்று, உடலை மதுரைச் சுவரில் தொங்கவிட்ட செய்தியையும் அவர் மறைக்கவில்லை. பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று. சுல்தானின் ஒரே மகனும் மனைவியும் தாயும் மாண்டனர். அவனும் விரைவில் இறந்தான். அவன் உடன்பிறந்தான் மகன் நாசிருத்தீன் பட்டமேறினான். காய்ச்சலால் மெலிந்த இபுன் பதூதா, மதுரையை விட்டுக் கடல்வழியே கொல்லம் வந்து மூன்று திங்கள் தங்கி உடல் தேறினார். நாசிருத்தீனின் காசு ஹிஜ்ரி 745, அதாவது 1344-45 என்று ஆண்டு காட்டுகிறது. பயணியின் நூலும் காசும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

அதன்பின் காசு திடீரென்று மௌனமாகிறது. 745-க்குப் பிறகு கிடைக்கும் அடுத்த காசு ஹிஜ்ரி 757, அதாவது 1356-ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஆதில் ஷாவின் பெயர் அதில் உள்ளது. இடையே பன்னிரண்டு ஆண்டு வெற்றிடம். வடக்கே விசயநகரம் தோன்றி வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மதுரையின் கை தளர்ந்து அக்கசாலையும் ஓய்ந்தது என்று சிலர் கருதுவர். காசு இன்மையை அரசின்மையாகக் கொள்ளலாகாது என்று வேறு சிலர் மறுப்பர். எவ்வாறாயினும், ஆட்சி இடையறாது செழித்தது என்று எளிதாக எழுதிச் செல்ல முனைவோரின் கையை அந்த மௌனம் தடுத்து நிறுத்துகிறது. பேசும் காசைப் போலவே பேசாத காசும் சான்றாகும். ஆதில் ஷாவுக்குப் பின் பக்ருத்தீன் முபாரக் ஷாவும், இறுதியில் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவும் காசு வெளியிட்டனர்.

இனி மதுராவிஜயத்தின் சாட்சியம். விசயநகர வேந்தன் புக்கரின் மைந்தன் குமார கம்பணன் மதுரைச் சுல்தானை வென்ற வரலாற்றை, அவன் தேவி கங்காதேவி வடமொழிக் காவியமாக இயற்றினாள். பல நூற்றாண்டு காலம் பெயர் தெரியாது மறைந்திருந்த இந்நூலின் ஒரே ஓலைச் சுவடி 1916-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே தெரியுமா? திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் சுவடித் தொகுப்பில், தொடர்பற்ற இரு நூல்களுக்கு இடையே செருகிக் கிடந்தது. பண்டிதர் இராமசாமி சாஸ்திரியார் அதனைக் கண்டெடுத்தார். 1924-இல் திருவனந்தபுரத்திலேயே அச்சாயிற்று. மதுரையின் வரலாற்றுக்கு இன்றியமையாத ஏடு மலைக்கு இப்பால் காக்கப்பட்டிருந்தது! இப்பகுதியில் வாழும் தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி அன்றோ இது?

காவியத்தில் கம்பணன் போர்க்களத்தில் சுல்தானை நேருக்கு நேர் எதிர்த்து வெட்டி வீழ்த்துகிறான். திருவரங்கத்தில் பெருமாளின் திருமேனி மீண்டும் எழுந்தருளிய செய்தியைக் கூறும் கல்வெட்டுச் சக ஆண்டு 1293, அதாவது 1371-ஐக் குறிக்கிறது. ஆகவே மதுரைச் சுல்தானகம் 1371-இல் அடியோடு அழிந்தது என்று கொள்வது இயல்பாயிற்று. ஆனால் செப்புக் காசு அதற்கு இசையவில்லை. சிக்கந்தர் ஷாவின் காசு ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை வெளிவந்திருக்கிறது. கம்பணன் 1374-இலேயே இறந்துவிட்டான். வென்றவன் மறைந்து மூன்று ஆண்டு கழிந்த பின்னும் தோற்றவனின் அரசு காசு அடித்துக்கொண்டிருந்தது என்றால், 1371-இல் நேர்ந்தது முழு அழிவன்று, பெருந்தோல்வியே. சுருங்கிய எல்லைக்குள் சில ஆண்டுகள் மூச்சுவிட்டு, 1378-ஐ ஒட்டியே அது மறைந்திருத்தல் வேண்டும்.

இதனால் கங்காதேவி பொய்யுரைத்தாள் என்பது பொருளன்று. பாழ்பட்ட கோயில்களையும் வெறிச்சோடிய தெருக்களையும் கண்டு அவள் நெஞ்சு பட்ட துயரம் உண்மை. மீட்சியின் மகிழ்ச்சியும் உண்மை. காவியத்துக்கு உரிய முடிவு பகைவனின் வீழ்ச்சி. அதற்குமேல் ஆண்டுக் கணக்கு எழுதுவது காவியத்தின் வேலையன்று. அவ்வாறே இபுன் பதூதாவின் நூல், தாம் கண்டதையும் கேட்டதையும் பல ஆண்டுகளுக்குப் பின் தாயகத்தில் நினைவுகூர்ந்து சொல்லி எழுதுவித்தது. பயணிக்கு நினைவு பிசகலாம். புலவர்க்கு அன்பு மிகலாம். வென்றவரின் கல்வெட்டில் பெருமை ஏறலாம். காசுக்கும் பெருமை உண்டு. ஏழைகளின் தந்தை என்ற பட்டத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அடிக்கப்பெற்ற ஆண்டைப் பற்றி அதற்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எவருடைய சார்பிலும் வழக்காட வராத சாட்சி அது. அன்றாடச் சில்லறைத் தேவைக்காக அடிக்கப்பெற்றதே அதன் நம்பகத்துக்குக் காரணம். மதங்களின் பெயரால் பழைய வரலாற்றை மிகைப்படுத்திப் பேசும் ஆசை எழும்போதெல்லாம், இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் ஒருமுறை இச்சாட்சியின் சொல்லைக் கேட்பது நன்று.

இத்துணைச் சிறப்புடைய காசுகள் எவ்வாறு நம் காலம் வரை வந்தன? வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளின் மணலிலும், உழும் நிலங்களிலும் அவை வெளிப்பட்டன. மழை பெய்து வெள்ளம் வடிந்தபின் ஆற்றுமணலை அரித்துக் காசு பொறுக்கி, பாத்திரக் கடையில் எடைக்கு விற்றவர் பலர். உருக்கப்பட்டுக் குடமாகவும் செம்பாகவும் மாறிய காசுகள் எத்தனை ஆயிரமோ! சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சிலர் விழித்துக்கொண்டனர். லொவெந்தால் என்னும் பாதிரியார் திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றி 1888-இல் ஒரு நூல் வெளியிட்டார். திருமங்கலத்தில் வாழ்ந்த டிரேசி பாதிரியார் பாண்டியர் காசுகளைத் தேடித் தொகுத்தார். பஞ்சாபில் இருந்த ரோட்ஜர்ஸ் 1895-இல் மாபர் அரசர்களின் காசுகளைப் பற்றி எழுதினார். தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த செருமானிய அறிஞர் ஹுல்ட்ஸ், 1909-இல் மதுரைச் சுல்தான்களின் காசுகளை வரிசைப்படுத்திக் கட்டுரை வரைந்தார். 1921-இல் பேராசிரியர் கிருஷ்ணசாமி ஐயங்கார், தென்னாட்டில் நிகழ்ந்த முஸ்லிம் படையெடுப்புகளைப் பற்றிய தம் நூலில் காசையும் கல்வெட்டையும் பயண நூலையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். இன்று நாம் மதுரைச் சுல்தான்களை வரிசையாக எண்ண முடிகிறது என்றால், அது உருக்குலைக்குத் தப்பிய காசுகளாலும் இவர்களின் பொறுமையாலும் விளைந்தது.

இக்கடமை அறிஞர்களோடு முடிந்துவிடவில்லை. தோட்டத்து மண்ணைக் கொத்தும்போதோ, ஊரில் பழைய வீட்டின் அடித்தளம் தோண்டும்போதோ, பரண்மேல் பாட்டியின் சுருக்குப் பையிலோ ஒரு பழங்காசு தென்படலாம். அதனைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா. பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். மண்ணிலிருந்து புதையலாகக் கிடைத்ததாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் சட்டம் விதிக்கும் கடமை. தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கென உள்ளன. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்புக் காசின் உலோகத்தைவிட விலை உயர்ந்தது. அக்குறிப்பை இழந்த காசு, முகவரி கிழிந்த கடிதத்தை ஒக்கும்.

போனக்காட்டிலிருந்து விதுரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில் நெடுமங்காடு உள்ளது. அங்கே உமயம்மை இராணியின் காலத்தைச் சேர்ந்த கோயிக்கல் அரண்மனையில் ஒரு நாணயக் காட்சிச்சாலை அமைந்திருக்கிறது. காசும் பணமும் சக்கரமும் அங்கே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. நகருக்குச் செல்லும் நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே இறங்குங்கள். சென்னை செல்ல வாய்ப்புடையோர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பையும் காணலாம். தமிழ் படிக்கும் வாய்ப்புக் குறைந்த இடத்தில் வளரும் பிள்ளைக்குத் தன் முன்னோர் நாட்டு வரலாற்றைக் கற்பிக்க, பாடநூலைவிடக் கண்முன் காட்டும் ஒரு காசு எளிய வாயில்.

செல்லாக் காசு என்று எதனையும் எவரையும் இகழ்வது நம் பேச்சு வழக்கு. மதுரைச் சுல்தான்களின் காசு, ஆட்சி மாறிய அன்றே அங்காடியில் மதிப்பை இழந்திருக்கும். உப்பு வணிகன் அதனைத் திருப்பிக் கொடுத்திருப்பான். வாங்கியவன் வெறுப்போடு ஆற்றில் எறிந்தும் இருப்பான். ஆனால் அறுநூறு ஆண்டு மணலுக்குள் கிடந்து வெளிவந்தபின், பட்டத்து யானை மீது ஏறிய பொற்காசால் சொல்ல முடியாத உண்மையை அந்தச் செல்லாக் காசு சொல்லிற்று. நாற்பது நாள் ஆண்டவனின் பெயரையும், பன்னிரண்டு ஆண்டு மௌனத்தையும், பாட்டு முடிந்த பின்னும் முடியாத ஓர் ஆட்சியின் இறுதி ஆண்டையும் அது காத்துத் தந்தது. அங்காடியில் அதன் செலவாணி என்றோ முடிந்துவிட்டது. வரலாற்றில் அது இன்றும் செல்லும் காசே.